இதழசைவுப் பதிவேடு

திருவிளங்கனூர்க் கோயிலின் மூலவர் சற்றே இடப்பக்கம் சாய்ந்திருப்பார். அடியார் குறை கேட்கச் செவி தாழ்த்தினார் என்று தலபுராணம் சொல்லும். ஆகவே அவர் திருப்பெயர் செவிசாய்த்த ஈசுவரர். அவர்முன் நின்று வேண்டுவோர் ஊர், பெயர், நட்சத்திரம் மூன்றையும் சொல்லிய பின்னரே குறையைச் சொல்ல வேண்டும். குரல் எழலாகாது. நெஞ்சுக்குள் நினைத்தால் மட்டும் போதாது. இதழ் அசைய வேண்டும். அசையும் இதழை வலக்கையால் பொத்திக்கொள்ள வேண்டும். ஒருவர் நெஞ்சக் குறையை அருகில் நிற்பவர் அறியலாகாது என்பதற்காக முன்னோர் வைத்த முறை அது.

‘இணைகரம்’ என்னும் சமூக ஊடகம் அக்கோயிலின் காலைப் பூசையை நேரலையாகக் காட்டத் தொடங்கியபோது, அம்முறையின் ஒரு பகுதி மட்டும் கழன்று விழுந்தது. கைப்பேசியின்முன் அமர்ந்தவர்கள் ஊர் சொன்னார்கள், பெயரும் நட்சத்திரமும் சொன்னார்கள், இதழசைத்து அழுதார்கள். வாயைப் பொத்திய கையை மட்டும் எடுத்துவிட்டார்கள். தனியறையில் யாரிடமிருந்து மறைப்பது?

கைப்பேசியின் கேமரா திறந்திருந்தது. தீபாராதனை காட்டும் வேளையில் அவ்வொளி தம் முகத்திலும் படுவதுபோல் திரையில் காணலாம் என்று இணைகரம் ஒரு வசதி செய்திருந்தது. அதற்காக எல்லோரும் அனுமதி அளித்திருந்தனர். இதழ்களின் அசைவைக் கொண்டு சொற்களைப் படிக்கும் இயந்திரம் அதற்குப் பின்னால் இருந்ததை எவரும் அறிந்திலர். ஓராண்டில் நாற்பத்தொரு லட்சம் பேரின் வேண்டுதல்கள் எழுத்தாகிச் சேமிக்கப்பட்டன.

அரசின் தனித்தரவுக் காப்பு ஆணையத்தில் இவ்வழக்கை விசாரித்தவர் துணை ஆணையர் மங்கையர்க்கரசி. நாள்தோறும் பதிகம் பாடிய பின்னரே அலுவலகம் புறப்படும் வழக்கமுடையவர். அவரெதிரே அமர்ந்திருந்தவர் இணைகரத்தின் சென்னைப் பொறுப்பாளர் நவநீதன். இருவருக்கும் இடையே இருந்த மேசையில் தண்ணீர்க் குவளைகள் தொடப்படாமல் இருந்தன.

எதற்காக எடுத்தீர்கள் என்று மங்கையர்க்கரசி கேட்டார்.

“பக்தர்களுக்குப் பொருத்தமான விளம்பரம் காட்டத்தான் மேடம்,” என்றார் நவநீதன். “முழங்கால் வலின்னு வேண்டிக்கிட்டா தைலம் காட்டுறோம். கல்யாணம்னு வேண்டிக்கிட்டா வரன் காட்டுறோம். சாமி கொஞ்சம் லேட் பண்றார். நாங்க அன்னைக்கே செஞ்சுடுறோம்.”

“சாமி கேட்டதை யார்கிட்டயும் விக்கிறதில்லை.”

“அது பதிவே இல்லை மேடம், வெறும் ஊகம். உதட்டை வெச்சுப் பாத்தா ‘மாமா’வும் ‘பாப்பா’வும் ஒண்ணுதான். மெஷின் ஏதோ ஒண்ணைக் குத்துமதிப்பா எழுதிக்குது. அதுல தனிமனிதர் தகவல்னு என்ன இருக்கு?”

மங்கையர்க்கரசி தம் சோதனைத் தாளை அவர்பக்கம் தள்ளினார். அறுபது பேரை அமர்த்தி, அவர்கள் ஒலியின்றிச் சொன்னவற்றையும் இயந்திரம் எழுதியவற்றையும் ஒப்பிட்டிருந்தார். நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு சரியாக இருந்தது. மாமா எது, பாப்பா எது என்பதை முன்பின் வரும் சொற்களைக் கொண்டு இயந்திரம் தெளிந்துகொண்டது. அத்தாளின் அடியில் அவருடைய சரிபார்ப்புச் சான்று இருந்தது. வழக்கு முழுவதும் அந்த ஒரு கையெழுத்தின்மேல் நின்றது.

ஆணை அன்றே பிறந்தது. இணைகரம் இதழசைவைப் படிப்பதை நிறுத்த வேண்டும். சேர்த்தவற்றை அழிக்க வேண்டும். அழிக்குமுன், எடுக்கப்பட்டவை இன்னின்ன என்று உரியவர் அறியும்படி, ஒவ்வொரு கணக்கின் வேண்டுதல்களையும் அக்கணக்குக்குரியவரின் அரசு மின்பெட்டகத்தில் சேர்ப்பிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அப்பெட்டகங்கள் திறக்கும். இந்த மூன்றாம் விதியை ஆணையத்தின் சட்டத்தில் எழுதியவரே மங்கையர்க்கரசிதான். தன்னிடமிருந்து திருடப்பட்டதைத் தானே காண ஒருவருக்கு உரிமை வேண்டும் என்று அவர் குழுவில் மூன்று நாள் வாதாடிப் பெற்ற விதி. செய்தித்தாள்கள் அவரைப் பாராட்டின.

புதன்கிழமை முற்பகலில் ஒரு பெண்மணி ஆணையத்துக்கு வந்தார். திருநெல்வேலி ரயிலில் இரவெல்லாம் அமர்ந்தே வந்த களைப்பு முகத்தில் இருந்தது. ஐம்பது வயது இருக்கும். பெயர் ஆவுடையம்மாள் என்றும், திருவிளங்கனூருக்கு அடுத்த ஊர் என்றும், பெரிய அதிகாரியைப் பார்க்காமல் நகரமாட்டேன் என்றும் வரவேற்பறையில் சொல்லியிருக்கிறார். உள்ளே அழைத்தபோது நாற்காலியில் அமர மறுத்தார்.

“வெள்ளிக்கிழமை பெட்டி தொறக்கும்னு பேப்பர்ல போட்டிருக்கே, அது நெசந்தானா?”

ஆமென்றார் மங்கையர்க்கரசி.

“நான் சாமிகிட்ட சொன்னதெல்லாம் அதுல வருமா?”

“வரும்மா. நீங்க சொன்னதை அவங்க திருடிட்டாங்க. அதை உங்களுக்கே காட்டுறோம்.”

“எனக்கா காட்டுதிய?” ஆவுடையம்மாளின் குரல் தாழ்ந்தது. “எங்க வீட்டுல போன் யாரு பேருல இருக்குன்னு கேட்டியளா? எம் மவன் பேருல இருக்கு. அவன் பெட்டிலதான் போய் விழும்.”

மங்கையர்க்கரசி எழுதுகோலைக் கீழே வைத்தார்.

பின்னர் ஆவுடையம்மாள் சொல்லக் கேட்டது இது. மகள் கோமதி இரண்டாண்டுக்கு முன் தான் விரும்பியவனோடு ஊரைவிட்டுப் போனாள். அவன் வேறு சாதி. ஆவுடையம்மாளின் மகன் மாசானம் அன்றிலிருந்து இருவரையும் தேடுகிறான். கண்ட இடத்தில் வெட்டுவேன் என்று கோயில் வாசலில் ஊரறியச் சொல்லியிருக்கிறான். சொன்னதைச் செய்யக்கூடியவன் என்பது பெற்றவளுக்குத் தெரியும். கோமதி ஒரே ஒரு முறை பக்கத்து வீட்டு எண்ணுக்குப் பேசினாள். ஓசூரில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தையற்கடை வைத்திருப்பதாகவும், சூல் கொண்டிருப்பதாகவும், இனி அழைக்கமாட்டேன், எண்ணையும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னாள். அன்றுமுதல் தாய் நாள் தவறாமல் மகனுடைய கைப்பேசியில் காலைப் பூசையைப் பார்த்து, ஊர், பெயர், நட்சத்திரம் சொல்லி, மகளைக் காக்கும்படி வேண்டிவந்தாள். ஓசூர், கோமதி, சுவாதி. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தையற்கடை. இறைவனுக்கு இடம் தெரிய வேண்டுமே என்று கடையின் அடையாளம் வரைக்கும் சொல்லியிருந்தாள்.

“போன்ல தையல் மிஷினா வரும். ஓசூர் பஸ்ஸுன்னு வரும். நீ என்னத்தைத் தட்டித் தொலைச்சேன்னு அவன் என்னைத்தான் ஏசுவான். எனக்கு அப்ப வெளங்கல.” அவர் மேசையில் கையூன்றி நின்றார். “அந்தக் கம்பெனிக்காரன் களவாணிதான். ஆனா களவாண்டதை அவன் எம் மவன்கிட்ட எழுதிக் குடுக்கல. நீங்கல்லா எழுதிக் குடுக்கப் போறிய.”

காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாமே என்று மங்கையர்க்கரசி சொல்லிப் பார்த்தார். அங்கே ஆய்வாளராக இருப்பவர் மாசானத்தோடு ஒரே இலையில் உண்பவர் என்று பதில் வந்தது. மகளுக்கு ஆளனுப்பி எச்சரிக்கலாம் என்றார். கருவுற்று எட்டாம் மாதம், இரண்டு நாளில் எங்கே ஓடுவாள் என்று ஆவுடையம்மாள் திருப்பிக் கேட்டார்.

“நான் சாமிகிட்ட சொன்னேன். ஒங்ககிட்ட சொல்லல. அவன்கிட்டயும் சொல்லல. நடுவுல நீங்க ரெண்டு பேரும் யாரு?”

மங்கையர்க்கரசி எழுந்து ஆணையரின் அறைக்குச் சென்றார்.

ஆணையர் அருளானந்தம் பொறுமையாகக் கேட்டார். இரங்கவும் செய்தார். ஆனால் நாற்பத்தொரு லட்சம் பதிவுகளும் ஒரே கட்டாக முத்திரையிடப்பட்டிருந்தன. ஒன்றை உருவினாலும் முத்திரை உடையும். உடைந்தால் ஆணையம் சாட்சியத்தைத் திருத்தியது என்று இணைகரம் நீதிமன்றத்தில் நிற்கும். விதிவிலக்கு அளிக்கும் அதிகாரம் உண்டா என்று அவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்.

“மூணாம் விதிக்கு விலக்கே கிடையாதுன்னு நீங்கதானம்மா எழுதியிருக்கீங்க,” என்றார்.

ஒரே வழி எஞ்சியிருந்தது. சரிபார்ப்புச் சான்றை அளித்தவரே அதைத் திரும்பப் பெற்றால், பதிவுகள் யாவும் வெறும் ஊகமாகிவிடும். ஊகம் தனிமனிதர் தகவலாகாது; யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. நிறுத்தவும் வேண்டியதில்லை, அழிக்கவும் வேண்டியதில்லை. இணைகரம் குற்றமற்றதாக வெளியேறும்.

சான்றைத் திரும்பப் பெறுவதாக மங்கையர்க்கரசி சொல்லியனுப்ப, வியாழக்கிழமை மாலை நவநீதன் நேரில் வந்தார். தொலைபேசியில் பேச அவர் எப்போதும் மறுப்பார். ஆணையத்துக்கு வரும் அழைப்புகள் யாவும் விதிப்படி பதிவாகும் என்பதை அறிந்தவர். தட்டச்சிட்ட தாளை அவர் முன்பே ஆயத்தமாகக் கொண்டுவந்திருந்தார். மாமாவும் பாப்பாவும் ஒன்றே என்பதை அத்தாள் சட்டமொழியில் சொன்னது. தம் சோதனையில் பிழை நேர்ந்ததென மங்கையர்க்கரசி ஒப்புக்கொள்வதாக முடிந்தது.

“மேலேருந்து போன் வந்துச்சா மேடம்?” என்று அவர் சிரித்தபடி கேட்டார். “இல்ல, நம்ம ஆளுங்க யாராவது வீட்டுக்கு வந்து பாத்தாங்களா? எனக்குத் தெரியாம எதுவும் நடக்காதே.”

காரணத்தைச் சொன்னால் கோமதியின் பெயரை அவரிடம் சொல்வதாகும். மங்கையர்க்கரசி கையெழுத்திட்டார். பொய்யென்று அறிந்து அவர் எழுதிய முதல் வாக்கியம் அது.

“பேனா நல்லா எழுதுது மேடம்,” என்று சொல்லி நவநீதன் தாளை எடுத்துக்கொண்டார்.

வரவேற்பறையில் காத்திருந்த ஆவுடையம்மாளிடம் பெட்டகம் திறக்காது என்று மங்கையர்க்கரசியே சென்று சொன்னார். இனிக் கைப்பேசியின்முன் வாய் அசைக்க வேண்டாம் என்றும் சொன்னார். ஆவுடையம்மாள் நன்றி கூறவில்லை. பையை எடுத்துக்கொண்டு, படியிறங்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தார், அவ்வளவே.

அதன்பின் வந்த நாள்கள் இழிவு மிக்கவை. பாராட்டிய செய்தித்தாள்கள் அவர் விலைபோய்விட்டதாக எழுதின. ஆணையத்தில் உடன் பணிசெய்தவர்கள் உணவு இடைவேளையில் வேறு மேசைக்குப் போயினர். அவரை ஆவண அறைக்கு மாற்றினார்கள். தரைத்தளத்தின் கோடியில், பழைய கறுப்புத் தொலைபேசி ஒன்றும் கோப்பு அடுக்குகளும் மட்டுமே உள்ள அறை. காலையில் பதிகம் பாடும்போது பாதியில் குரல் நின்றுவிடும்.

நான்கு திங்கள் கழித்து ஆவுடையம்மாள் அங்கே மறுபடியும் வந்தார். இம்முறை நாற்காலியில் அமர்ந்தார்.

“ஒங்க மேல எனக்குக் கோவம் போவல. இதைச் சொல்ல வேற ஆளில்ல, அதான் வந்தேன்.”

கோமதிக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. செய்தி மட்டும் யார் வழியாகவோ வந்தது. ஆனால் கைப்பேசி அடங்கவில்லை. இணைகரம் பழைய வேண்டுதல்களை மறக்கவில்லை ஆதலின், ஓசூரில் வாடகைக்கு வீடு, ஓசூருக்குப் பேருந்து, தையல் இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் என்று மாசானத்தின் கண்முன் விளம்பரம் வந்துகொண்டே இருந்தது. ஒருநாள் உண்டுகொண்டிருந்தவன் கையை உதறிவிட்டு, இந்த வீட்டில் ஓசூரைத் தேடுவது யார் என்று கேட்டான்.

“மறுநா காலைல பூசையில உக்காந்தேன். நீங்க வாயசைக்காதன்னு சொன்னிய. நான் அசைச்சேன். நாகர்கோவில், கோமதி, சுவாதின்னு சொன்னேன். வடசேரில பாத்திரக்கடையில நிக்கா, அவளைக் காப்பாத்துன்னு அழுதேன். பத்து நாளு. ஓசூரு வாயில வரவே இல்ல.”

பதினோராம் நாள் கைப்பேசியில் நாகர்கோவில் பேருந்து வந்தது. பின்னர் வடசேரிப் பாத்திரக்கடை வந்தது. மாசானம் அதை நெடுநேரம் பார்த்தான். தாயை ஒன்றும் கேட்கவில்லை. நண்பர் இருவரோடு புறப்பட்டுப் போய் நாகர்கோவிலில் ஒரு வாரம் சுற்றிவிட்டுத் திரும்பினான். இன்றும் மாதம் ஒருமுறை அங்கே போய்வருகிறான்.

“சாமி முன்னால பொய் சொல்லிட்டீங்களேம்மா,” என்றார் மங்கையர்க்கரசி. கடிந்துரைக்கவில்லை, அவருக்கே அது தாங்கவில்லை.

“சொன்னேன். சாமிக்கு எம் மவ இருக்கிற ஊரு நான் சொல்லியா தெரியணும்?” ஆவுடையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஆனா இப்ப கோயிலுக்குப் போயி நேர்ல நின்னாலும் வாய் வரமாட்டேங்கு. எந்த ஊரைச் சொல்லப் போறேன்னு எனக்கே பயமா இருக்கு. அதைக் கெடுத்துப்புட்டிய, ரெண்டு பேருமா சேந்து.”

அவர் சென்ற பின்னர் மங்கையர்க்கரசி கேட்டதை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். வடசேரிப் பாத்திரக்கடை உலகில் ஒரே ஒருவர் இதழில் மட்டும் இருந்தது. வேறு எங்கும் எழுதப்படவில்லை, தேடப்படவில்லை. மெய்யான வேண்டுதலைப் பிறவழியில் அறிந்தோம் என்று இணைகரம் சாதிக்கலாம். பொய்யான வேண்டுதலை எவ்வழியில் அறிந்தோம் என்று சொல்லும்? ஊகம் என்ற சொல் அங்கே உடைந்தது. ஆனால் ஆவுடையம்மாளைச் சாட்சியாக அழைப்பது கோமதியைக் காட்டிக்கொடுப்பதாகும். சாட்சி வேறு ஒருவராக இருக்க வேண்டும். வேண்டுதல்களின் நகல் வந்தால் தம் கைக்கு மட்டுமே வரும் ஒருவராக.

மறுநாள் காலை அவர் நீராடி, நீறு பூசி, தம் கைப்பேசியில் செவிசாய்த்த ஈசுவரரின் பூசையைத் திறந்து அமர்ந்தார். தீப ஒளி முகத்தில் பட அனுமதி கொடுத்தார். கையை மடியில் வைத்துக்கொண்டார். கொல்லிமலை, மங்கையர்க்கரசி, உத்திரட்டாதி. கொல்லிமலையில் மிளகுத்தோட்டம் வாங்கியிருப்பதாகவும், ஆழ்துளைக் கிணற்றில் நீர் வரவில்லை என்றும், நீர் காட்டியருள வேண்டும் என்றும் ஒலியின்றி வேண்டினார். கொல்லிமலையை அவர் கண்டதில்லை. ஒரு சாண் நிலமும் அவருக்கு இல்லை. பொய் சொல்லும் வாய்க்கு எதிரே சாய்ந்த திருமேனி அன்றும் அப்படியே செவி தாழ்த்தி நின்றது. அந்தச் சாய்வைக் காண முடியாமல் அவர் கண்களை மூடிக்கொண்டார். இதழ் மட்டும் நிற்கவில்லை.

ஐந்து நாள் அவ்வாறு வேண்டினார். ஆறாம் நாள் திரையில் நாமக்கல்லைச் சேர்ந்த ஆழ்துளைக் கிணறு நிறுவனம் ஒன்று வந்தது. ஏழாம் நாள், மலைத்தோட்டங்களுக்கு நீரோட்டம் பார்த்துச் சொல்வோர் வந்தனர். ஒவ்வொன்றையும் நாளும் நேரமும் குறித்துப் படமெடுத்தார். ஆவண அறையில் அமர்ந்து புதிய புகாரைத் தம் கையாலேயே எழுதத் தொடங்கினார். புகார்தாரர் என்னும் இடத்தில் தம் பெயர். முன்னர்த் தாம் அளித்த வாக்குமூலம் பொய் என்பதும், அதன் தண்டனைக்குத் தாம் உடன்படுவதும் இரண்டாம் பத்தியில். நகல் எதுவாயினும் சொன்னவர் கையில் நேரில் கொடுக்கப்பட வேண்டுமேயன்றிக் கணக்குக்குரியவருக்குச் செல்லலாகாது என்னும் திருத்தம் கடைசிப் பத்தியில்.

கடைசிப் பத்தியை எழுதிக்கொண்டிருந்தபோது கறுப்புத் தொலைபேசி ஒலித்தது. நான்கு மாதத்தில் அது ஒலித்தது அதுவே முதல் முறை.

“மேடம், நல்லா இருக்கீங்களா? ஆவண அறைன்னு போட்டுட்டாங்களாமே. நம்பர் கண்டுபிடிக்கவே கஷ்டமா போச்சு.” நவநீதனின் குரலில் பழைய சிரிப்பு இருந்தது. “அந்தக் காலத்து போன் போல இருக்கு. இதையெல்லாம் யாரு கவனிக்கப் போறாங்க, அதான் தைரியமா பேசுறேன்.”

மங்கையர்க்கரசி புகார்த்தாளின் ஓரத்தில் நேரத்தைக் குறித்தார்.

“ஒண்ணு கேக்கணும்னு தோணுச்சு. கொல்லிமலையில தண்ணி கிடைச்சுதா மேடம்?”

அந்தக் கேள்வியையும் மங்கையர்க்கரசி ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

“உங்க பேரை நாங்க தனியா கவனிச்சுட்டுத்தான் இருக்கோம்,” என்றார் நவநீதன், இப்போது சிரிக்காமல். “அஞ்சு நாளா ஒரே வேண்டுதல். நட்சத்திரம்கூட உத்திரட்டாதின்னு தெளிவா விழுந்திருக்கு. உங்க பேருல அங்க ஒரு சென்ட் நிலம் இல்லைன்னும் பாத்துட்டேன். இந்த விளையாட்டு வேண்டாம். ஏற்கனவே ஒரு தடவை கையெழுத்துப் போட்டவங்க நீங்க, ஞாபகம் இருக்கட்டும்.”

தொலைபேசியின் அடிப்பாகத்திலிருந்து புறப்பட்ட கம்பியை அவர் கண்களால் தொடர்ந்தார். சுவரோடு ஊர்ந்து, அடுக்குகளுக்குப் பின்னால் சென்று, கூரையோரமாக ஏறி, மேல்தளத்துக்குப் போயிற்று. கட்டடத்தின் ஏனைய எல்லாக் கம்பிகளும் அங்கேதான் போயின. அழைப்புகளைப் பதிவு செய்யச் சொல்லும் விதி எந்தத் தொலைபேசிக்கும் விலக்கு அளிக்கவில்லை. அந்த விதியையும் எழுதியவர் அவரே; விலக்கில்லாமல் விதி எழுதும் அவருடைய குற்றம் இங்கும் இருந்தது.

“மேடம்? லைன்ல இருக்கீங்களா? தண்ணி கிடைச்சுதான்னு கேட்டேன்.”

அவருடைய வலக்கை தானாக எழுந்து, ஒலிவாங்கியின்மேல் அல்லாமல், தம் வாயின்மேல் படிந்தது. சில கணம் இதழ் அசைந்தது. என்ன சொல்லிற்று என்பதை எந்த இயந்திரமும் காணவில்லை. பின்னர்க் கையை எடுத்தார்.

“கிடைச்சுதுங்க,” என்றார். “இப்பத்தான் ஊத்து பிடிச்சுது.”